சார்லி பிரைட் கதவை உடைக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் கண்ட்ரி இசையைப் பற்றி நமது நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பாடகி பியான்சேயின் இசைத்தொகுப்பு 2025ஆம் ஆண்டில் அவ்வகை இசைக்கான கிராமி விருதைப் பெற்றதை முன்வைத்து எழுதப்பட்ட அக்கட்டுரை, தமிழ் நாளிதழ்கள் அரிதாகவே தொடும் ஒரு துறையைத் தொட்டிருக்கிறது. அதற்காக எழுதியவருக்கு முதலில் என் நன்றி. ஆனால் சார்லி பிரைட் என்ற பாடகருக்கு அதில் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்தான். வெள்ளையர்களின் நாட்டுப்புற இசையில் கறுப்பினத்தவருக்கு மூடிக்கிடந்த கதவை உடைத்தெறிந்தவர் அவர் என்று அந்த வாக்கியம் சொல்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் பாட்டைக் கேட்டு வருகிறவன் என்ற முறையில், அந்த வாக்கியத்தின் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லோடும் எனக்கு வழக்கு இருக்கிறது. பாராட்டாக எழுதப்பட்ட வாக்கியம்தான் அது. ஆனால் ஒரு மனிதரின் எண்பத்தாறு ஆண்டு வாழ்க்கையை அந்தப் பாராட்டு விழுங்கிவிடுகிறது.

திருச்சியில் இருக்கும் எனக்கு இந்தப் பாடகரோடு என்ன தொடர்பு என்று கேட்கக்கூடும். நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இன்னும் ரயில்வே குடியிருப்பில் இருந்தன. அமெரிக்கக் கண்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸின் குரல் ஒலிக்காமல் அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் வராது. எங்கள் பிரிவின் மேற்பார்வையாளர் வீட்டில், உறை தொலைந்துபோன ஒரு கேசட்டில், ஜிம் ரீவ்ஸுக்கு அடுத்தபடியாக இன்னொரு குரல் பதிவாகியிருந்தது. கனத்த குரல், ஒவ்வொரு சொல்லும் உடையாமல் காதில் வந்து விழும், என் அரைகுறை ஆங்கிலத்துக்கும் பாட்டு முழுவதும் புரிந்தது. பெயர் சார்லி பிரைட் என்றார்கள். பல மாதங்கள் கழித்து, ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகருக்குக் குடியேறியிருந்த மேற்பார்வையாளரின் தம்பி ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த இசைத்தட்டின் உறையில்தான் அந்தப் பாடகரின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். “சார், இவரா பாடுகிறார்?” என்று நான் கேட்டதும் மேற்பார்வையாளர் சிரித்துவிட்டு, இந்தக் கேள்வியை அமெரிக்காவே ஒருமுறை கேட்டுவிட்டது என்றார். ஒரு குரலைக் கேட்டு அதற்கு நானாகவே ஒரு நிறத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தேன் என்பது அன்று எனக்கு உறைத்தது. அந்த வெட்கம்தான் இந்த மனிதரைப் பற்றி என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

முதலில் ‘நாட்டுப்புற இசை’ என்ற மொழிபெயர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நடவுப் பாட்டையும் ஏற்றப் பாட்டையும் தாலாட்டையும் நாம் நாட்டுப்புறப் பாடல் என்கிறோம். அவற்றை இயற்றியவர் பெயர் தெரியாது. விற்பதற்காக அவை பிறந்தவையும் அல்ல. கண்ட்ரி இசை அப்படிப்பட்டதன்று. மக்கள் பாடிய பழைய பாட்டுகளிலிருந்து அது முளைத்தது உண்மைதான் என்றாலும், 1920களில் இசைத்தட்டு நிறுவனங்களும் வானொலி நிலையங்களும் சேர்ந்து வளர்த்தெடுத்த வணிக இசை அது. பாட்டெழுதுகிறவருக்குப் பெயர் உண்டு, பதிப்புரிமை உண்டு, விற்பனைப் பட்டியல் உண்டு, நாஷ்வில் என்ற தலைநகரமும் உண்டு. கட்டுரையாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அமெரிக்க இசை வணிகத்துக்கான பில்போர்டு இதழே 1949ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை இந்த இசையின் விற்பனைப் பட்டியலுக்கு ‘ஃபோக்’ என்றுதான் தலைப்பிட்டு வந்தது. இருந்தாலும் ஜாஸுக்குத் தமிழ்ப் பெயர் தேடாமல் ஜாஸ் என்றே எழுதுகிற நாம், இதையும் கண்ட்ரி இசை என்றே எழுதிவிட்டால் குழப்பம் இராது.

‘வெள்ளையர்களின்’ என்ற சொல்தான் இதைவிடப் பெரிய சிக்கல். கண்ட்ரி இசையின் அடையாளமாகவே எல்லோரும் நினைக்கும் பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவி, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் நினைவிலும் கைகளிலும் அமெரிக்காவுக்கு வந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டும் கற்றும் பாடி வந்த காலத்தில்தான் இசைத்தட்டு நிறுவனங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. அவர்கள் இரண்டு விற்பனைப் பட்டியல்களைத் தயாரித்தார்கள். கறுப்பர் பாடியது ‘ரேஸ்’ (இனம்) இசைத்தட்டு என்ற பெயரிலும், வெள்ளையர் பாடியது ‘ஹில்பில்லி’ (மலைநாட்டுப் பட்டிக்காட்டான்) என்ற பெயரிலும் விற்கப்பட்டன. ஒரே பாட்டை, ஒரே வகைக் கருவிகளோடு, ஒரே மாவட்டத்துக்காரர்கள் இருவர் பாடியிருந்தாலும், தோல் நிறத்தைப் பார்த்துத்தான் தட்டு எந்த அலமாரிக்குப் போகும் என்பது முடிவானது. அலமாரிக்கு ஒட்டிய சீட்டை நூறு ஆண்டுகள் கழித்து நாம் இசையின் பிறப்புச் சான்றிதழாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்குப் பெயர் சொல்லும்படியான சாட்சிகளே இருக்கிறார்கள். கண்ட்ரி இசையின் முதல் குடும்பம் என்று போற்றப்படும் கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் பாட்டுத் தேடி அலைந்தபோது, உடன் போய் மெட்டுகளை மனத்தில் பதித்துக்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார் கலைஞர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார், ரிடில் இசையைச் சுமந்து வருவார். கண்ட்ரி இசையின் பெரும் பாடகரான ஹாங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் கிதார் கற்றுக்கொடுத்தவர், அலபாமாவின் தெருக்களில் பாடிப் பிழைத்த ரூஃபஸ் பெயின் என்ற கறுப்பினத்தவர். நாஷ்வில் நகரின் டபிள்யூ.எஸ்.எம். வானொலியிலிருந்து ஒலிபரப்பாகி, கண்ட்ரி பாடகர்களுக்குக் கோயில் போல ஆகிவிட்ட கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சியின் தொடக்க கால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி. 1927ஆம் ஆண்டில் அந்த நிகழ்ச்சிக்கு அப்பெயர் சூட்டப்பட்ட இரவில், ரயில் ஓடும் ஓசையைத் தன் மவுத் ஆர்கனில் வாசித்து மேடையேறியிருந்தவர் அவரே. அவரும் கறுப்பினத்தவர். 1941இல் அவர் நீக்கப்பட்டார். அதன் பிறகு நாஷ்விலிலேயே காலணிகளுக்கு மெருகேற்றும் கடை நடத்திக் காலம் தள்ளினார். ரயில்வேக்காரன் என்பதால் எனக்கு அந்த மவுத் ஆர்கன் இசையின் மீது தனிப் பிரியம் உண்டு. நீராவி எஞ்சின் மேடேறும்போது மூச்சு வாங்குவதை அப்படியே வாசித்த இன்னொருவரை நான் கேட்டதில்லை.

இனி பிரைட்டின் கதைக்கு வருகிறேன். 1934ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று, மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்லெட்ஜ் என்ற சிற்றூரில், பிறர் நிலத்தில் விளைச்சல் பங்குக்குப் பருத்தி பயிரிட்ட ஒரு குடும்பத்தில், பதினொரு பிள்ளைகளில் ஒருவராக அவர் பிறந்தார். தந்தை வைக்க நினைத்த பெயர் ‘சார்ல்’. பிறப்பைப் பதிவு செய்தவர் எழுத்தில் செய்த தவறால் அது சார்லி ஆயிற்று. தந்தை ஒரு ஃபில்கோ வானொலிப் பெட்டி வாங்கி வைத்திருந்தார். சனிக்கிழமை இரவுகளில் அதில் கிராண்ட் ஓல் ஆப்ரிதான் ஓடும். பருத்தி பறித்த கூலியில் மிச்சம் பிடித்து, சியர்ஸ் நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலைப் பார்த்து, பதினான்கு வயதில் ஒரு கிதார் வாங்கி, வானொலியில் கேட்டதைத் தானே வாசித்துப் பழகிக்கொண்டார். ஆக, பிறருடைய இசைக்குள் எங்கிருந்தோ வந்து நுழைந்தவர் அல்லர் அவர். அந்த வீட்டில் அதுதான் வீட்டு இசை.

ஆனால் அவருடைய முதல் கனவு பாட்டு அன்று. கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் 1947இல் பேஸ்பாலின் உயர்நிலைக் குழு ஒன்றில் ஆடத் தொடங்கியதும், பருத்திக் காட்டிலிருந்து வெளியேறும் வழி ஒன்று தெரிந்துவிட்டதாகச் சிறுவன் சார்லி நினைத்தார். கறுப்பினத்தவருக்கென்று தனியே நடந்த போட்டிகளில் மெம்ஃபிஸ் ரெட் சாக்ஸ் குழுவுக்காகப் பந்து வீசினார். பின்னர் லூயிவில் நகரக் குழு ஒன்று அவரையும் சக ஆட்டக்காரர் ஒருவரையும் பர்மிங்ஹாம் குழுவுக்குக் கைமாற்றியது. அந்த இருவருக்கும் விலையாக லூயிவில் குழு பெற்றுக்கொண்டது ஆட்டக்காரர்கள் பயணம் செய்ய ஒரு பழைய பேருந்து. இதை அவரே பல இடங்களில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். நமக்குச் சிரிப்பு வருவதற்குள் வேறொன்றும் வந்துவிடுகிறது.

1956இல் கட்டாய இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டார். அதே ஆண்டில் ரோசீன் அவர்களை மணந்தார். அந்த மணவாழ்வு அவர் இறக்கும்வரை அறுபத்து நான்கு ஆண்டுகள் நிலைத்தது. 1960இல் பேஸ்பாலைத் தேடித்தான் மொன்டானா மாநிலத்துக்குப் போனார். ஹெலினா நகருக்கு அருகில் ஈயம் உருக்கும் ஆலை ஒன்றில் உலைக்கு நிலக்கரி அள்ளிப் போடும் வேலை கிடைத்தது. ஆலைக்கென்று ஒரு பேஸ்பால் குழு இருந்தது, அதில் ஆடினார். ஆட்டம் தொடங்குமுன் மைதானத்தில் கால் மணி நேரம் பாடினால் பத்து டாலர் கூடுதலாகத் தந்தார்கள். பகலில் உலை, மாலையில் மைதானம், இரவில் ஊர் மதுக்கூடங்களில் கிதார் என்று அவர் காலம் போயிற்று. பணிமனையில் உலைக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கவே கை வராது என்பது எனக்குத் தெரியும் என்பதால், இவர் வாழ்க்கையில் கிராமி விருதுகளைவிட இந்தப் பகுதிதான் என்னை மலைக்க வைக்கிறது.

1962இல் ஹெலினாவுக்குப் பாட வந்த ரெட் ஃபோலி, ரெட் சோவைன் ஆகிய இரு கண்ட்ரி பாடகர்கள் இவர் குரலைக் கேட்டுவிட்டு, நாஷ்விலுக்கு வந்து பார் என்றார்கள். பேஸ்பால் கனவு அதற்குப் பின்னும் விடவில்லை. நியூயார்க் மெட்ஸ் குழுவின் பயிற்சி முகாமுக்குப் போய்த் தனக்கு ஒரு வாய்ப்புக் கேட்டு, அங்கே ஏற்கப்படாமல் திரும்பும் வழியில்தான் நாஷ்விலில் இறங்கினார். அங்கே ஜாக் ஜான்சன் அவருக்கு மேலாளராக அமைந்தார். ஜாக் கிளமென்ட் என்ற தயாரிப்பாளர் 1965இல் அவர் பாடல்களைப் பதிவு செய்தார். ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்தில் செல்வாக்கோடு இருந்த கிதார் மேதை செட் அட்கின்ஸ், அந்தப் பதிவை நிறுவனத்தின் மேலாளர்களுக்குப் போட்டுக் காட்டினார். குரலைக் கேட்டு அவர்கள் மெச்சிய பிறகே பாடுகிறவர் யார் என்பது சொல்லப்பட்டது. ஒப்பந்தம் கையெழுத்தானது. 1966இல் முதல் ஒற்றைப் பாடல் வெளிவந்தபோது வானொலி நிலையங்களுக்கு அனுப்பப்பட்ட தட்டுடன் வழக்கமாகப் போகும் புகைப்படம் போகவில்லை.

நமது கட்டுரையில் இல்லாத இந்தச் செய்தியைத்தான் பலரும் சுவையான துணுக்காகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நிறுவனம் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது, பாட்டுக்குப் பழகிய காது பிறகு முகத்தையும் ஏற்றுக்கொண்டது என்பது அவர்கள் தரும் விளக்கம். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கான விலையை மேடையில் நின்று கொடுத்தவர் யார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அதே 1966இல் டெட்ராய்ட் நகரின் ஒலிம்பியா அரங்கில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் முன்னிலையில் அவர் பாட வேண்டியிருந்தது. வானொலியில் கேட்ட பாடகரின் பெயர் அறிவிக்கப்பட்டதும் பெரும் கைதட்டல் எழுந்தது. அவர் வெளிச்சத்துக்கு வந்ததும் அந்தக் கைதட்டல் அப்படியே அடங்கிப்போயிற்று. தனக்கு வாய்த்திருப்பது வெயிலில் கறுத்து நிலைத்துவிட்ட நிறம் என்னும் பொருளில் ஒரு வேடிக்கை வார்த்தையைச் சொல்லி, பாடுவதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று அவர் சொன்னதும் அரங்கம் இளகியது. அதன் பிறகும் எத்தனையோ மேடைகளில் அதே வேடிக்கை வார்த்தையை அவர் சொல்ல வேண்டியிருந்தது. தன்னைப் பார்த்து அதிர்ச்சி அடைந்தவர்களை, அதிர்ச்சிக்குக் காரணமானவரே தேற்றிவிட்டுத்தான் முதல் பாட்டுக்குப் போக முடிந்தது. உடன் பாடிய எந்த வெள்ளையருக்கும் அந்தக் கூடுதல் வேலை இருக்கவில்லை.

1967ஆம் ஆண்டு ஜனவரியில் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் மூத்த கண்ட்ரி பாடகர் எர்னஸ்ட் டப் அவரை அறிமுகம் செய்துவைத்தார். அப்பாவின் ஃபில்கோ பெட்டியில் கேட்ட குரல்களில் ஒன்று, கால் நூற்றாண்டு ஆவதற்குள் தன் பெயரைச் சொல்லி அழைக்கக் கேட்டார். அவருடைய பாடல் ஒன்று 1969இல் முதன்முதலாகப் பில்போர்டு கண்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவ்வாறு முதலிடம் பிடித்த பாடல்கள் மொத்தம் இருபத்தொன்பது. 1971இல் கண்ட்ரி இசைச் சங்கம் அவரை ஆண்டின் சிறந்த கலைஞராகத் தேர்ந்தெடுத்தது. சிறந்த ஆண் பாடகர் விருதை 1971, 1972 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தொடர்ந்து பெற்றார். ‘கிஸ் ஆன் ஏஞ்சல் குட் மார்னிங்’ என்ற பாடலைக் கண்ட்ரி இசையே கேட்காதவர்களும் அந்த ஆண்டுகளில் முணுமுணுத்தார்கள். ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் எல்விஸ் பிரெஸ்லிக்கு அடுத்தபடியாக விற்றவை இவருடைய தட்டுகளே என்று சொல்லப்படும் அளவுக்கு விற்பனை இருந்தது.

விருதுகளையும் எண்ணிக்கையையும் விட்டுவிட்டு அவர் பாட்டைக் கேட்டால் ஒன்று தெரியும். அவர் குரலில் அலங்காரம் குறைவு. உச்சத்துக்குப் போய்க் காட்டுவதோ, அழுது காட்டுவதோ இல்லை. எழுதியவர் வைத்த சொல்லை அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்; துயரத்தைப் பின்னால் இருக்கும் ஸ்டீல் கிதார் பார்த்துக்கொள்ளும். டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் பாந்தர் ஹால் என்ற அரங்கில் நேரடியாகப் பதிவாகி 1969இல் வெளிவந்த தொகுப்பைக் கேட்டால் நான் சொல்வது விளங்கும். அதில் லாய்ட் கிரீன் வாசித்த ஸ்டீல் கிதாருக்காகவே அந்தத் தட்டைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த மேடையில் அவர் ஹாங்க் வில்லியம்ஸின் பாட்டையும் பாடியிருக்கிறார். 1980இல் ஹாங்க் பாடல்களுக்கென்றே ஒரு தொகுப்பு வெளியிட்டு, அதிலிருந்து இரண்டு பாடல்களை முதலிடத்துக்குக் கொண்டுபோனார். அலபாமாத் தெருவில் ரூஃபஸ் பெயின் ஒரு வெள்ளைச் சிறுவனுக்குக் கற்றுக்கொடுத்தது, மிசிசிப்பியின் வானொலிப் பெட்டி வழியாக ஒரு கறுப்புச் சிறுவனின் காதுக்கு வந்து, அவர் வாய் வழியாக மறுபடியும் ஊருக்குப் போயிருக்கிறது. இதில் எது வெள்ளையர் இசை, எது கறுப்பர் இசை என்று பிரித்துக்காட்ட என்னால் முடியவில்லை.

இப்போது கதவுக்கு வருகிறேன். உடைந்த கதவு என்றால் பின்னால் வருகிறவர்களும் அதன் வழியாகப் போயிருக்க வேண்டும். பிரைட் புகழின் உச்சத்தை எட்டிக்கொண்டிருந்த 1969இல் லிண்டா மார்டெல் என்ற பாடகி கிராண்ட் ஓல் ஆப்ரியில் தனித்துப் பாடிய முதல் கறுப்பினப் பெண்ணானார். 1970இல் அவருடைய ஒரே தொகுப்பு வெளிவந்தது. அவர் பாட்டை வெளியிட்ட நிறுவனம் தனக்கு வைத்துக்கொண்டிருந்த பெயர் ‘பிளான்டேஷன்’, அதாவது அடிமைகள் உழைத்த தோட்டம். அந்தத் தொகுப்போடு அவருடைய கண்ட்ரி வாழ்க்கை ஏறத்தாழ முடிந்துபோயிற்று. அரை நூற்றாண்டு கழித்து, 2024இல், பியான்சேயின் தொகுப்பில் அவர் குரல் இடம்பெற்ற பிறகுதான் அவர் பெயர் பலருக்குத் தெரிந்தது. பிரைட்டின் பாடல் கடைசியாகப் பில்போர்டு கண்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த ஆண்டு 1983. கறுப்பினத்தைச் சேர்ந்த இன்னொரு தனிப்பாடகர் அந்த இடத்தைப் பிடித்தது 2008இல்தான். அவர் டேரியஸ் ரக்கர். இடையில் இருபத்தைந்து ஆண்டுகள். அந்த இடைவெளியில் பாடத் தெரிந்த கறுப்பினத்தவர் ஒருவரும் பிறக்கவில்லை என்று யாரும் வாதிட மாட்டார்கள். கதவு ஒருவருக்காக ஒருமுறை ஒருக்களித்துத் திறந்தது; அவர் உள்ளே போனதும் சாத்திக்கொண்டது. பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளே இருந்த ஒருவரைக் காட்டி, நாங்கள்தான் விட்டுவிட்டோமே என்று சொல்லவும் அது வசதியாக இருந்தது.

இதற்குப் பிரைட் பொறுப்பில்லை. தன்னைச் சின்னமாக்கிப் பேசுவதை அவர் விரும்பியதே இல்லை. தான் ஒரு பாடகன், அவ்வளவுதான் என்பதே அவர் நிலைப்பாடு. கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டக் காலத்தில் அவர் இன்னும் உரத்துப் பேசியிருக்கலாம் என்று குறைப்பட்டுக்கொண்டவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயம் அறவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவருக்குச் சொரணை இல்லை என்று நினைப்பவர்கள், 1992இல் அவர் ஒரு நாளிதழிடம் சொன்னதைப் படிக்க வேண்டும். முதல் ‘நிறமுள்ள’ கண்ட்ரி பாடகராக இருப்பது எப்படி இருக்கிறது என்று ஒரு காலத்தில் தன்னிடம் கேட்டார்களாம், பிறகு முதல் ‘நீக்ரோ’ பாடகர் என்றும், பிறகு முதல் ‘கறுப்பின’ப் பாடகர் என்றும், கடைசியில் முதல் ‘ஆப்பிரிக்க அமெரிக்க’ப் பாடகர் என்றும் கேட்டார்களாம், மாறியது ஏறக்குறைய அந்தச் சொல் ஒன்றுதான் என்றார் அவர். நமது கட்டுரையின் வாக்கியம் அந்த வரிசையில் ஐந்தாவதாகப் போய் நிற்கிறது. இதை எழுதும்போது எனக்கே சற்றுச் சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் அவர் முகத்தைப் பார்த்து நான் கேட்ட முதல் கேள்வியும் அதே கேள்விதான்.

1976ஆம் ஆண்டு நவம்பரில் அவர் வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகருக்குப் போய்ப் பாடியதும் அதிகம் பேசப்படாத ஒன்று. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் பகைமை கொண்டு குண்டு வைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு முந்தைய ஆண்டு இசைக்குழு ஒன்றின் உறுப்பினர்கள் நடுச்சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து வெளிநாட்டுக் கலைஞர்கள் அந்தப் பக்கம் போகவே அஞ்சினார்கள். பிரைட் போனார்; ரிட்ஸ் திரையரங்கில் இரு தரப்பு மக்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து அவர் பாட்டைக் கேட்டார்கள். அமெரிக்காவில் தனிப்பாடலாக வெளியாகாத அவருடைய ‘கிரிஸ்டல் ஷாண்டலியர்ஸ்’ என்ற பாட்டு அயர்லாந்தில் இன்றும் குடும்ப விருந்துகளில் பாடப்படுகிறது. மிசிசிப்பிப் பருத்திக் காட்டுக்காரரை அயர்லாந்துக்காரர்கள் தங்கள் வீட்டு மனிதராக்கிக்கொண்டார்கள். அங்கே யாரும் அவரைக் கதவு உடைத்தவராக நினைவில் வைத்திருக்கவில்லை.

1980களின் நடுவில் இளைய பாடகர்கள் பக்கம் ஆர்.சி.ஏ. சாய்ந்தபோது, இருபது ஆண்டு உறவை முறித்துக்கொண்டு 1986இல் வெளியேறினார். 1993இல் கிராண்ட் ஓல் ஆப்ரியின் முறையான உறுப்பினரானார். 1994இல் வெளிவந்த தன்வரலாற்றில், தனக்கு இருமுனை மனநோய் இருப்பதையும் மருந்து எடுத்துக்கொள்வதையும் ஒளிக்காமல் எழுதினார். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஓர் ஆண், அதிலும் மேடைக் கலைஞர் ஒருவர், அதைச் சொல்வது எளிதன்று. 2000இல் கண்ட்ரி இசையின் புகழவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். மவுத் ஆர்கன் வாசித்த டிஃபோர்ட் பெய்லிக்கு அதே புகழவையில் இடம் கிடைத்தது 2005இல். பெய்லி இறந்து இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பேஸ்பாலையும் பிரைட் விடவில்லை. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் குழுவின் வசந்தகாலப் பயிற்சியில் ஆண்டுதோறும் போய்க் கலந்துகொண்டவர், 2010இல் அந்தக் குழுவின் பங்குதாரர்களில் ஒருவரானார். பழைய பேருந்துக்குக் கைமாறிய இளைஞர், எழுபத்தாறு வயதில் ஒரு குழுவுக்கே பங்கு உரிமையாளர்.

2020 நவம்பர் 11 அன்று நாஷ்விலில் நடந்த கண்ட்ரி இசைச் சங்க விழாவில் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது வழங்கப்பட்டது. ஜிம்மி ஆலன் என்ற இளம் கறுப்பினப் பாடகருடன் சேர்ந்து தனது பழைய பாட்டைப் பாடினார். ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 12 அன்று, டாலஸ் நகரில் கொரோனா நோயால் காலமானார். பெருந்தொற்றின் நடுவே, எண்பத்தாறு வயதானவரை உள்ளரங்க விழாவுக்கு அழைத்திருக்கலாமா என்று சக பாடகர்கள் சிலர் வெளிப்படையாகவே கேட்டார்கள். பயணத்துக்கு முன்னும் பின்னும் செய்த சோதனைகளில் தொற்று இல்லை என்று விழா நடத்தியவர்களும் அவருடைய தரப்பினரும் தெரிவித்தார்கள். தொற்று எங்கிருந்து வந்தது என்ற வாதத்தில் நான் இறங்கவில்லை.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியதுதான். அந்தக் கட்டுரை இணையப் பதிப்பிலும் இருப்பதாக என் பேரன் சொன்னான். ‘வெள்ளையர்களின் நாட்டுப்புற இசை’ என்ற தொடரைத் திருத்தி, அந்த ஒற்றை வாக்கியத்துக்குப் பதிலாக, பிரைட் என்ற பாடகரைப் பற்றிய சிறு பத்தி ஒன்றை அங்கே சேர்க்க முடியுமானால் மகிழ்வேன். அதை எழுதப்போகிறவர் முதலில் பாந்தர் ஹால் தொகுப்பை ஒருமுறை முழுவதும் கேட்டுவிட்டு எழுதட்டும். இணையத்தில் கேட்பதானால் படத்தைப் பார்க்காமல் கேட்பது நல்லது. எனக்குக் கிடைத்த கேசட்டுக்கும் உறை இல்லை.

தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற ரயில்வே பணிமனை ஊழியர்,
பொன்மலை, திருச்சிராப்பள்ளி